தலைவலி குறைந்தது, உடம்பு வியர்க்கவில்லை: தடுப்பு மாத்திரையின் தொல்லைகளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:

எனக்கு 43 வயது. கானாடுகாத்தானில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறோம். தேன்குழல், கைமுறுக்கு, மனகோலம், சீப்புச்சீடை என்று ஆர்டருக்குச் செய்து கொடுப்போம். உதவிக்கு மூன்று பெண்கள் வருகிறார்கள். 12 வருடமாக ஒற்றைத் தலைவலி. முன்பு ஃப்ளூனாரிசினும் புரோப்ரானலாலும் சேர்ந்த மாத்திரையை இரண்டு வருடம் சாப்பிட்டேன். 8 கிலோ எடை கூடிற்று, எதிலும் மனம் ஒட்டாமல் போயிற்று. மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். ஏழு மாதமாக டோபிராமேட் 50 மி.கி. காலையும் இரவும், அமிட்ரிப்டிலின் 10 மி.கி. படுக்கும்போது. மாதத்துக்கு 12 நாள் வந்த தலைவலி இப்போது 4 நாள்தான்.

ஆனால் விரலும் பாதமும் மதமதவென்று இருக்கின்றன. கைமுறுக்கு சுற்றும்போது திருகல் சரியாக விழுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகிறது. ஜல்லிக்கரண்டியைக் கேட்க வாய் வராமல் "அது, அது" என்று கையைக் காட்டுகிறேன். பசி இல்லை, 58 கிலோ இருந்தவள் 53 ஆகிவிட்டேன். வாய் வறட்சி, மலச்சிக்கல். சோடா குடித்தால் சப்பென்று இருக்கிறது. கிட்னியில் கல் வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். "மாத்திரையை விட்டுவிட்டு நாட்டு மருந்து பார்" என்கிறார் மாமியார். போன மாதம் மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் வாந்தியோடு தலைவலி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டுதல், போகலாமா? கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் இதே தலைவலி. என் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? இன்னொன்று, அடுப்பு முன்னால் நின்றால் முன்பு போல வியர்ப்பதில்லை, உடம்பு மட்டும் காந்துகிறது.

வாசகி, கானாடுகாத்தான்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் "இன்னொன்று" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். விரல் மதமதப்பும் சொல் மறதியும் சிரமங்கள். வியர்க்காமல் உடம்பு காந்துவது ஆபத்து. அடுத்த முறை மதுரை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் போனிலாவது சொல்லிவிடுங்கள்.

டோபிராமேட் நம் உடம்பில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. வியர்வைச் சுரப்பிகளுக்கும் அந்த நொதி தேவை. அமிட்ரிப்டிலின் வேறொரு வழியில் வருகிறது: சுரப்பிகளுக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அது மட்டுப்படுத்துகிறது. உங்கள் வாய் உலர்வதும் அதனால்தான். தனித்தனியாகப் பலருக்கு ஒன்றும் செய்யாத இந்த இரண்டும் சேரும்போது வியர்வை நன்றாகவே குறையலாம். இது குழந்தைகளிடம்தான் அதிகம் காணப்பட்டது, ஆனால் பெரியவர்களுக்கும் வரும். வியர்வை இல்லையென்றால் உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. சித்திரை மாத வெயிலும் சேர்ந்து, ஏறத்தாழ 180 டிகிரியில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் மணிக்கணக்கில் நிற்பவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

மருத்துவர் மருந்தை மாற்றும்வரை செய்ய வேண்டியவை இவை. எண்ணெய் வேலையை விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாவு பிசைவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் பகலுக்கு இருக்கட்டும். மூடிய சமையல்கட்டில் வேண்டாம். வளவின் (வீட்டு நடு முற்றத்தின்) ஓரத்திலோ இரண்டாம் கட்டின் தாழ்வாரத்திலோ, காற்று வரும் இடத்தில் அடுப்பை வையுங்கள். 20 நிமிடம் சட்டி முன்னால் நின்றால் 10 நிமிடம் விலகி உட்காருங்கள். அந்த நேரம் உதவிக்கு வரும் பெண் பார்த்துக்கொள்ளட்டும். விலகி உட்காரும்போது ஈரத்துண்டால் கழுத்து, முழங்கை, முன்கை எல்லாம் நனைத்துவிட்டு அதன் பிறகு ஃபேன் முன்னால் உட்காருங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்த ஈரம்தான் செய்யும். காய்ந்த தோலில் ஃபேன் காற்று பட்டால் சூடான காற்றுதான் படும், உடம்பு குளிராது. பலர் தவறுவது இங்கேதான்: ஃபேன் ஓடுகிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். காந்தும்போது அளந்து பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால் அன்றைக்கு அடுப்பு வேலை முடிந்தது. உடன் வேலை செய்யும் பெண்களுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: முகம் சிவந்து, தோல் வறண்டு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் நீங்கள் பதில் சொன்னால், அல்லது நடை தள்ளாடினால், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயக்கமாக இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உங்களுக்கே அந்த நேரத்தில் தெரியாது. மற்றவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

இனி விரல்களுக்கு வருவோம். நாள் ஒன்றுக்கு 100 மி.கி. டோபிராமேட் எடுப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்த மதமதப்பு வருகிறது. சிலருக்கு உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருக்கும். சர்க்கரை நோயில் வரும் மரத்துப்போதல் மாதிரி நரம்பு கெட்டுப்போவதால் வருவது அல்ல இது. மருந்தைக் குறைத்தால் குறையும், நிறுத்தினால் போய்விடும். ஆனாலும் ஒரு முறை சர்க்கரையும் வைட்டமின் பி12 அளவும் பார்த்துவிடுங்கள். எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிட்டு வேறொன்றைத் தவறவிடக் கூடாது.

மாத்திரை போட்டுச் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். சிலருக்கு மதமதப்பும் அப்போதுதான் கூடும். உங்களுக்கும் அப்படியா என்று ஒரு வாரம் கவனியுங்கள். காலை மாத்திரையை 5 மணிக்குப் போட்டு 7 மணிக்குக் கைமுறுக்கு சுற்ற உட்கார்ந்தால், விரலுக்கு மிக மோசமான நேரத்தில் மிக நுணுக்கமான வேலையைக் கொடுக்கிறீர்கள். மாவை இரு விரலுக்கு நடுவில் முறுக்கிக்கொண்டே வட்டமாக இழுத்துச் செல்லும் வேலை அது. விரல் நுனி உணர்வு ஒரு நொடி தப்பினால் திருகல் தளர்ந்துவிடும். சுற்றும் வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகு காலைச் சாப்பாட்டோடு மாத்திரை போடலாம். நேரத்தை ஓரிரண்டு மணி தள்ளுவதில் தவறில்லை. தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். எண்ணெய்ப் பதத்தைக் கையைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். வெறுங்காலோடு வெயிலில் மொட்டைமாடி ஏறுவதும் வேண்டாம்; பாதம் சுட்டது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்.

பொட்டாசியம் உள்ள உணவு இந்த மதமதப்பைச் சிலருக்குத் தணிக்கிறது. தினம் ஒரு வாழைப்பழம், ஓர் இளநீர் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

ஜல்லிக்கரண்டி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதன் பெயர் மட்டும் வரவில்லை. டோபிராமேட்டின் இந்த விளைவு பலரைப் பயமுறுத்துகிறது. மறதி நோய் வந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இது மறதி நோய் அல்ல. மருந்தின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும், நிறுத்தினால் சரியாகும். வழக்கமாக மருந்தை ஏற்றும் முதல் சில வாரங்களில் வந்து பிறகு அடங்கும். ஏழு மாதம் கழித்தும் அடங்கவில்லை என்றால் இந்த அளவு உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம், பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "காலையில் 25, இரவில் 50 என்று குறைத்துப் பார்க்கலாமா?" இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 21 மணி நேரம் ஆகிறது. அதனால் பெரும்பங்கை இரவுக்கு மாற்றினாலும் மறுநாள் பாதுகாப்பு இருக்கும். 100-ஐ 200 ஆக்கினால் தலைவலி மேலும் குறைவதில்லை, தொல்லைதான் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. அதனால் யாராவது "பத்தவில்லை, இன்னும் ஏற்றலாம்" என்றால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதுவரை ஆர்டரை நினைவில் வைக்காதீர்கள். பெயர், பலகாரம், எத்தனை கிலோ, எந்தத் தேதி, எவ்வளவு முன்பணம் என்று கட்டம் போட்ட நோட்டில் போன் பேசும்போதே எழுதி, எழுதியதை அவர்களுக்குத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுபவர் என்றால் அளவு மாற்றும் வாரங்களில் வேண்டாம்.

கல் விஷயத்தில் பக்கத்து வீட்டார் சொன்னது பொய்யில்லை. மேலே சொன்ன அதே நொதி தடைபடுவதால் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் சிறுநீரில் அதிகம் வெளியேறுகிறது. ரத்தம் லேசாக அமிலப் பக்கம் சாய்கிறது. சிறுநீர் காரப் பக்கம் போகிறது. கல் உருவாகாமல் காக்கும் சிட்ரேட் சிறுநீரில் குறைகிறது. கால்சியம் பாஸ்பேட் கல் படிவதற்கு இது தோதான இடம். இந்த மருந்து எடுப்பவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 4 மடங்கு. ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. முன்பே கல் வந்தவர்களும், குடும்பத்தில் கல் உள்ளவர்களும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தடுப்பது தண்ணீர்தான். "நிறையக் குடிக்கிறேன்" என்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன், அளக்க வேண்டும். நீங்கள் குடிக்கும் சில்வர் செம்பு எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். நாளுக்கு 3 லிட்டர், கோடையில் மூன்றரை. எழுந்ததும் அரை லிட்டர், அடுப்பு வேலை முடிவதற்குள் ஒரு லிட்டர், மதியச் சாப்பாட்டுக்குள் முக்கால், மாலை 7 மணிக்குள் மீதி. அதற்குப் பிறகு வாய் நனைக்க ஒரு மடக்கு போதும். இல்லையென்றால் இரவில் எழுந்து எழுந்து தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் தலைவலி வரும். எவ்வளவு குடித்தீர்கள் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்பதே சரியான கணக்கு: 24 மணி நேரத்தில் சிறுநீர் 2 முதல் இரண்டரை லிட்டர். ஒரே ஒரு நாள் அளந்து பார்த்தால் உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று தெரிந்துவிடும். வியர்வை குறைந்த உங்கள் நிலையில் சிறுநீர் அதிகம் போகும், அது சரியே. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று தண்ணீரையே குறைத்துவிடாதீர்கள். கல்லைத் தடுக்க அளவே முக்கியம்.

இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றை அன்றைய தண்ணீரில் கலந்து, உப்பும் சர்க்கரையும் போடாமல் குடியுங்கள். குறைந்துபோன சிட்ரேட்டுக்கு அது கொஞ்சம் ஈடு. ஊறுகாய், வற்றல், அப்பளம் குறைய வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். வாழைத்தண்டு சாப்பாட்டில் இருக்கட்டும், அதை நம்பித் தண்ணீரை விட்டுவிட வேண்டாம். சத்து மாத்திரை என்று வைட்டமின் சி அதிக அளவில் எடுக்காதீர்கள். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோ சிறுநீரில் ரத்தமோ வந்தால் அன்றே மருத்துவமனை. கூடவே குளிர்க்காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினோடு பைகார்பனேட் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். பைகார்பனேட்டின் இயல்பு 22 முதல் 28. தொடர்ந்து 20-க்குக் கீழே இருந்தால் மருந்தளவைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். ஏழு மாதத்தில் ஒரு முறையும் பார்க்கவில்லை என்றால் இப்போது பார்த்துவிடுங்கள்.

சோடா சப்பென்று இருப்பதற்கும் அதே நொதிதான் காரணம். நாக்கில் கேஸின் சுருக்கென்ற உணர்வை அறிவது அதன் மூலம்தான். ஆபத்தில்லை, கவலை வேண்டாம்.

எடையில் 5 கிலோ குறைந்தது உங்கள் உடம்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முன்பு ஏறிய 8 கிலோவை நினைத்து நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பசியில்லாமல் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால், பட்டினியே தலைவலியைக் கிளப்பிவிடும். தலைவலி மாத்திரையால் பசி போய், பசி போனதால் தலைவலி வந்து, மருந்து பலிக்கவில்லை என்று முடிவுக்கு வருபவர்கள் நிறையப் பேர். பசிக்காகக் காத்திருக்காமல் மணி பார்த்துச் சாப்பிடுங்கள்: மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிதளவு. உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் சேர்ந்த கும்மாயம் ஒரு சின்னக் கிண்ணம், அவித்த பயறு, முட்டை, மோர் என்று சிறிய அளவில் சத்துள்ளதாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். 52-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டோபிராமேட் எடுப்பவர்கள் பேலியோ உணவு முறைக்குப் போகக் கூடாது. அரிசியை அறவே விட்டு வெறும் கொழுப்பில் வாழ்ந்தால் ரத்தம் மேலும் அமிலப் பக்கம் சாயும், கல் வரும் வாய்ப்பும் கூடும். வாட்ஸ்ஆப்பில் வரும் எடைக்குறைப்புத் திட்டங்கள் எதையும் இந்த மாத்திரையோடு சேர்க்காதீர்கள்.

வாய் வறட்சிக்கும் மலச்சிக்கலுக்கும் காரணமான அமிட்ரிப்டிலினை நீங்கள் படுக்கும்போது போடுகிறீர்கள். 4 மணிக்கு எழுபவர் 10 மணிக்கு அதைப் போட்டால் விடியற்காலையில் கொதிக்கும் எண்ணெய் முன்னால் தூக்கக் கலக்கத்தோடு நிற்பீர்கள். இரவு 8 மணிக்கே போட்டுவிடுங்கள். வறட்சிக்கு அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் சோம்பு. பனங்கற்கண்டையோ மிட்டாயையோ வாயில் அடக்கிக்கொள்ளாதீர்கள். உமிழ்நீர் குறைந்த வாயில் இனிப்பு ஊறினால் சில மாதங்களிலேயே பல் சொத்தையாகும். இரவில் பல் துலக்குவது இந்த மருந்து எடுக்கும்வரை கட்டாயம். மலச்சிக்கலுக்குக் கொய்யா, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை போதவில்லை என்றால் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி 2 டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே குடலில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

மூன்று நாள் விட்டுப் பார்த்தது நல்லதல்ல. டோபிராமேட்டைத் திடீரென்று நிறுத்தினால், அபூர்வமாக, வலிப்பே வராதவர்களுக்கும் வலிப்பு வரக்கூடும். குறைப்பதென்றால் வாரத்துக்கு 25 அல்லது 50 மி.கி. வீதம் படிப்படியாக, மருத்துவர் எழுதித் தந்த கணக்குப்படி. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். உங்கள் மாமியார் சொல்லும் நாட்டு மருந்தில், சுக்குப் பற்று நெற்றியில் போடுவதில் தடையில்லை. நொச்சி இலை ஆவி இப்போது வேண்டாம். வியர்க்காத உடம்பில் மேலும் சூடு ஏற்றாதீர்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொடியும் லேகியமும் வேண்டாம்.

நீங்கள் முன்பு சாப்பிட்ட ஃப்ளூனாரிசின் பற்றி மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் இது தாராளமாக எழுதப்படுகிறது. பலனிருந்தாலும் பொதுவாக ஆறு மாதத்தில் ஒரு இடைவெளி விட்டு, தேவையா என்று மறுபடி பார்க்க வேண்டிய மருந்து இது. ஆனால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எடை கூடுவதும் மனம் சோர்ந்துபோவதும் இதனால் வரும். உங்களுக்கு வந்தது உங்கள் மனத்தின் பலவீனம் அல்ல. வயதானவர்களுக்கு இன்னொன்று: கை நடுக்கம், நடை சுருங்குதல், முகத்தில் உணர்ச்சி குறைதல், குரல் தாழ்தல். பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும். "வயசாகிவிட்டது" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது தலைசுற்றலுக்கு இரவில் நெடுநாளாக ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு இப்படித் தடுமாறினால், அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 18 நாள் ஆகும். நிறுத்திய மறுவாரமே நடுக்கம் போகவில்லையே என்று நம்பிக்கை இழக்க வேண்டாம். சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். கூடவே புரோப்ரானலாலும் இருந்தால் அதைத் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நெஞ்சு படபடப்பு வரும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம்.

அந்த மருந்தில் மனம் சோர்ந்தவர் என்பதால் உங்களிடம் இதையும் சொல்கிறேன்: டோபிராமேட்டும் சிலருக்கு மனச்சோர்வைத் தரும். அழுகை, எரிச்சல், உயிர் வாழ்வதில் வெறுப்பு வந்தால் வீட்டாரிடம் அன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். திடீரென்று தூரப்பார்வை மங்கி, கண் வலித்துச் சிவந்தால் அன்றே கண் மருத்துவர். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கலாம், தாமதித்தால் பார்வை போகும். இது பெரும்பாலும் முதல் மாதத்தில் வருவது. தலைவலிக்கு முன் வரும் பளபளப்பு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும், இது போகாது.

மாதவிலக்கு நிற்காதவரை கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. டோபிராமேட் கருவில் உள்ள குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு போன்ற குறைகளை உண்டாக்கக்கூடும். குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்காவிட்டால் காப்பர் டி போன்ற ஒன்றைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பழனி நடைப்பயணம். குன்றக்குடியிலிருந்து கிளம்பிச் சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும் கூட்டத்தோடு நடப்பது பல நாள் பயணம். தை மாதம் என்பது நல்லது, பகல் சூடு தாங்கும். வியர்வைப் பிரச்சினையைச் சரிசெய்து, இரத்தப் பரிசோதனை முடித்து, மருத்துவர் சரி என்றால் போகலாம். அது சரியாகாமல் போக வேண்டாம், வேண்டுதலை அடுத்த வருடம் நிறைவேற்றலாம். போவதானால் காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் மட்டும் நடங்கள். விரதம் என்று வெறும் வயிற்றோடு நடக்காதீர்கள். வழியில் அன்னதானம் எந்த நேரத்தில் கிடைக்கும் என்று பாராமல் இடுப்புப் பையில் வாழைப்பழமும் பொரிகடலையும் இருக்கட்டும். மாத்திரை மூட்டையில் போகக் கூடாது. மூட்டை ஏற்றிய வண்டி முன்னால் போய்விடும். இரண்டு நாளுக்கு அதிகமாகவே உங்கள் பையில் வையுங்கள். பாதம் மதமதப்பதால் தினமும் இரவில் இரு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வழியில் வலி நிவாரணி மாத்திரையை யார் நீட்டினாலும் வாங்கிப் போடாதீர்கள். பாராசிட்டமால் போன்றவை மாதத்துக்கு 15 நாளையும், டிரிப்டான், எர்காட் வகை ஒற்றைத் தலைவலி மாத்திரைகள் அல்லது பல மருந்துகள் கலந்த தலைவலி மாத்திரைகள் 10 நாளையும் எட்டினால் அவையே தினத் தலைவலியை உண்டாக்கும். தடுப்பு மாத்திரையும் பலிக்காமல் போகும்.

தலைவலி 12 நாளிலிருந்து 4 நாளானது நல்ல பலன். பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று கொள்கிறோம். இந்த நிலை ஆறு முதல் பன்னிரண்டு மாதம் நீடித்தால் மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கான மாதத்தை நீங்களே தேர்ந்து சொல்லுங்கள்: தீபாவளி ஆர்டர் குவியும் ஐப்பசியும் வேண்டாம், கொளுத்தும் சித்திரையும் வேண்டாம். தொல்லை தாளவில்லை என்றால் கேண்டசார்டன் போன்ற மாற்று மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் மருத்துவர் முடிவெடுக்க உங்கள் குறிப்பு வேண்டும். தினசரித் தாள் காலண்டரில் இப்படி எழுதினால் போதும்: "காலை 7:30 மாத்திரை. 9:30 விரல் மதமதப்பு, ஒரு மணி நேரம். வியர்வை இல்லை, 37.6. தண்ணீர் 3 செம்பு. தலைவலி இல்லை." நான்கு வாரத் தாள்களைக் கிழிக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள்.

மகளுக்கு உங்கள் மாத்திரையில் பாதி அல்ல, கால்கூடக் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் தலைவலி என்று தெரியாமல் தடுப்பு மருந்தே தேவையா என்று சொல்ல முடியாது. மாதம் நான்கு நாளுக்குக் குறைவாக இருந்து, சாதாரண மாத்திரைக்கு அடங்கினால் பெரும்பாலும் தேவைப்படாது. இனி பிள்ளை பெறப்போகிறவள். அவளுக்கு டோபிராமேட்டை வேறு வழியில்லாதபோது மட்டுமே, கருத்தடைப் பாதுகாப்போடு யோசிக்க வேண்டும். வால்புரோயேட் என்ற மருந்தை யார் எழுதினாலும் தலைவலிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், அது கருவில் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கிறது. அவளையும் இரண்டு மாதம் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள்: தலைவலி நாள், மாதவிலக்கு நாள், தூங்கிய நேரம், சாப்பிடாமல் போன வேளை. அந்தத் தாள்களோடு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ அவளைத் தனியாகக் காட்டுங்கள். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்திருந்தால் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். புரோப்ரானலால் அவளுக்கு ஆகாது.